சூட்டு முள்

மாசானமுத்து வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்த காரின் நான்கு முட்களும் செத்துக் கிடந்த ஒரு பகலில், அவன் பெண்டாட்டி சந்தனமாரி அவனைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள், மீன் கழுவிய கையைத் துடைக்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஈரக் கையை டேஷ்போர்டில் வைத்துக் குனிந்தாள். பெட்ரோல் முள், ஆயில் முள், ஆம்பியர் முள், சூட்டு முள் நான்கும் தூங்கி எழுந்த பிள்ளைகள்போல ஒவ்வொன்றாக எழுந்து, அததற்கு உரிய இடத்தில் போய் நின்றன. கையை எடுத்தாள், படுத்துக்கொண்டன. திரும்ப வைத்தாள், எழுந்தன. மாசானமுத்து சீட்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "கைய எடுக்காதட்டி" என்றான். குழம்பு அடிப்பிடிக்கும் என்று அவள் சொன்னாள். அன்று குழம்பு அடிப்பிடித்தது.

ஊருக்கு வெள்ளாங்கரை என்று பெயர். ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் உப்பளம். அங்கிருந்து தார்ரோட்டுக்குப் போக, பாத்திகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்துபோகும் ஒரு வரப்புதான் வழி. அதில் ஆள் நடக்கலாம், சைக்கிள் உருட்டலாம், ஆஸ்பத்திரி வண்டி வராது, ஆட்டோக்காரனும் வரமாட்டேன் என்பான். வலி எடுத்தவளையும் நெஞ்சைப் பிடித்தவனையும் கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கி ஓடுவார்கள். ஓடிப்போய் என்ன, தார்ரோடு கண்ணில் படும்போது கட்டிலில் கிடப்பவருக்குக் கண் நிலைத்திருக்கும். உப்புக் கம்பெனியில் பம்பு மோட்டார் பார்க்கும் பிட்டராக இருந்த மாசானமுத்து, தன் அண்ணன் அப்படிப் போன பிறகு, யாரிடமும் யோசனை கேட்காமல் வரப்பின் அகலத்தை அளந்துவந்து, அந்த அளவுக்கு ஒரு கார் செய்ய ஆரம்பித்தான். சட்டத்தை இரும்பு ஆங்கிளில் அடித்தான், கதவுக்குத் துருப்பிடித்த பீரோக்களை வெட்டினான், சீட்டுக்கு மூடிப்போன தியேட்டரின் நாற்காலிகளை வாங்கினான், கழிமுகத்தில் விழுந்த ஏதோ ஒரு காரின் எஞ்சினைக் கழுவி உயிர்கொடுத்தான், நான்கு முட்களையும் பழைய இரும்புக் கடையில் நான்கு வண்டிகளிலிருந்து பிடுங்கிவந்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளாங்கரையில் யாரும் வெறும் இரும்பை வெறும் இரும்போடு சேர்க்க மாட்டார்கள். உப்புக்காற்று தின்றுவிடும் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டு இரும்பைப் பூட்டவேண்டுமானால், சேருகிற முகங்கள் இரண்டுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்டை இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் போல்ட்டைப் போடுவார்கள். கதவுக் கீலுக்கும் அப்படித்தான், கிணற்று ராட்டினத்துக்கும் அப்படித்தான், கோயில் சூலத்துக்கும் அப்படித்தான். பெயிண்ட் அடிக்காமல் பூட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். மாசானமுத்து வேலையில் சுத்தமானவன், அவன் மூன்று கோட் அடிப்பான்.

எர்த்துக் கோளாறு என்பது அவனுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஹெட்லைட்டைப் போட்டால் பெட்ரோல் முள் ஏறுவதும், ஹார்ன் அடித்தால் சூட்டு முள் இறங்குவதும், பிரேக்கை மிதித்தால் எல்லாம் சேர்ந்து படுத்துக்கொள்வதும் வேறு எந்தக் கோளாறிலும் நடக்காது. ஒயரில் போன கரண்டு பேட்டரிக்குத் திரும்பிவர வழியில்லாமல் கண்ட இடத்தில் புகுந்து அலைகிறது என்று அர்த்தம். பியூஸைப் பார்த்தான், ஒயரை மாற்றினான், டாங்குக்குள் கிடக்கும் மிதவையை மாற்றினான், முட்களையே மாற்றினான். டேஷ்போர்டுச் சட்டத்தை வண்டிச் சட்டத்தோடு சேர்த்து, பேட்டரியின் கறுப்பு ஒயரையும் பிடித்திருந்த பெரிய போல்ட் ஒன்று இருந்தது. அதன் தலையில், கரண்டு ஓட்டம் பார்க்கும் மீட்டரின் ஒரு காலையும் பேட்டரியில் இன்னொரு காலையும் வைத்துப் பார்த்தான். மீட்டர் கீச்சென்று சத்தம் கொடுத்தது, அப்படியென்றால் போல்ட் சரி. அந்த வண்டியிலேயே அவன் மிகச் சுத்தமாகப் பூட்டிய போல்ட் அதுதான். தான் நன்றாகச் செய்த வேலையின்மேல் எவனுக்குச் சந்தேகம் வரும்?

எஞ்சின் கிளம்பும், பத்துப் பனை தூரம் போகும், முட்கள் சாயும், நின்றுவிடும். சந்தனமாரி கையை வைத்தால் நிற்காது. அவள் கால் தரையில் படவேண்டும், அதுவும் செருப்பில்லாமல். மாசானமுத்து தலையில் அடித்துக்கொண்டான். "வண்டி எர்த்துக்கும் தரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுட்டி. நாலு டயரும் ரப்பர். நீ தரைய மிதிச்சா என்ன, மிதிக்காட்டி என்ன?" என்றான். அவள் காலைத் தூக்கினாள், முட்கள் படுத்தன. காலை வைத்தாள், எழுந்தன. இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் உச்சிமாகாளி பின்சீட்டில் குதித்துக்கொண்டிருந்தாள். "அம்மா கைய வச்சா முள்ளு முழிச்சிருதுப்பா" என்று அவள்தான் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாள், மதியத்துக்குள் ஊரே முற்றத்தில் நின்றது.

வந்தவர்கள் அதிசயப்பட்டு வாயைப் பிளக்கவில்லை, வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை டேஷ்போர்டில் கையை வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் வைத்தார்கள், பிள்ளை பெற்றவர்கள் வைத்தார்கள், பூசாரி விபூதி பூசிக்கொண்டு வைத்தார். ஒரு முள்கூட அசையவில்லை. சின்ன வயதிலேயே பாத்தியில் இறங்கியவள், உப்பு ஊறின உடம்பு என்றார்கள் சிலர். ஊரில் எல்லார் உடம்பும் உப்பு ஊறினதுதானே என்று யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை பிறந்தவள் என்றார்கள், அவள் அப்பன் இடி விழுந்து பிழைத்தவன் என்றார்கள். காரணம் என்ன என்பதில் ஊருக்கு அவ்வளவாக அக்கறை இல்லை. வண்டி ஓடுமா என்பதில் இருந்தது.

ஓடியது. முதல் நடை, உப்பு வாரும் வெயிலாட்சிக்குப் பனிக்குடம் உடைந்தபோது. ஓடுகிற வண்டியில் தரையை எப்படி மிதிப்பது என்று மாசானமுத்து யோசித்தான். பெட்ரோல் டாங்கர் லாரிகள் பின்னால் ஒரு சங்கிலியை ரோட்டில் இழுத்துக்கொண்டே போகுமே, அதுபோல முன்சீட்டுக்குக் கீழே ஒரு ஓட்டை போட்டு, ஒரு சங்கிலியை வரப்பில் இழுபடும்படி தொங்கவிட்டு, மேல்நுனியை அவள் காலுக்கடியில் வைத்தான். வெயிலாட்சி ஆஸ்பத்திரியில் உயிரோடு பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளைக்குச் சந்தனராஜ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்தது பாம்பு கடித்தவன், அடுத்தது குடிக்கக் கூடாததைக் குடித்தவள். ஒருவரும் சாகவில்லை. ஒரு நடையில் வண்டி பள்ளத்தில் குதித்து, அவள் கால் சங்கிலியைவிட்டு நழுவி எஞ்சின் நின்றுபோன பிறகு, சங்கிலியைத் துணியால் அவள் கணுக்காலோடு சேர்த்துக் கட்டினார்கள். துணி காலை அறுத்தது. ஊர்க்கூட்டம் போட்டு, அவளுக்கு மரியாதை செய்வது என்று முடிவாகி, வெள்ளியில் ஒரு காப்புச் செய்து, சங்கிலியை மாட்ட அதில் ஒரு வளையமும் வைத்து, மேளம் வைத்துக் கொண்டுவந்து அவள் காலில் பூட்டினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். எவ்வளவு பேர் கூடிச் செய்தாலும் விலங்கு விலங்குதான் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சந்தனமாரிக்கும் வரவில்லை, அவளுக்கு அன்று பெருமையாகவே இருந்தது.

அதுமுதல் அவள் பெயர் எர்த்தம்மா. உப்புக் கம்பெனிக் கணக்கப்பிள்ளை தங்கப்பழம்தான் ஊர்த்தலைவரும்; அவர் அவளைப் பாத்திக்கு வரவேண்டாம், வீட்டிலேயே இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அவள் செருப்புப் போடக் கூடாது. ஊரைவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கக் கூடாது. தம்பி கல்யாணத்துக்குப் போனவளைத் தாலி ஏறுமுன்பே திரும்பக் கூட்டிவந்தார்கள், இங்கே யாருக்கோ மூச்சு இழுத்தது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வந்து அவள் பாதத்தை உப்புத்தண்ணீரால் கழுவிவிட்டுப் போனார்கள், ஈரமிருந்தால் எர்த்து நன்றாகப் பிடிக்கும் என்று. தண்ணீர் எரிந்தது, பாதத்தில் வெடிப்பு இருந்தது. அவர்கள் ஆசையாகக் கழுவினார்கள், அவள் என்ன சொல்வாள்?

முதலில் பசி போனது. நடை போய்வந்த நாட்களில் சோற்றைப் பார்த்தால் மண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு எல்லா நாட்களும் அப்படியே ஆனது. அதே நாட்களில் மாசானமுத்து டாங்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்தால் பெட்ரோல் கால் டாங்குதான் இருக்கும், முள் நிறைந்திருக்கிறது என்று காட்டும். பிறகு சூடு போனது. அடுப்பிலிருந்து கொதிக்கிற சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, உச்சி கத்திய பிறகுதான் கையைப் பார்த்தாள்; கொப்பளம் எழும்பியிருந்தது, வலி இல்லை. வெயிலும் நிழலும் ஒன்றானது. வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் டெய்சிராணி, அவள் மணிக்கட்டைப் பிடித்து வெகுநேரம் வாட்சைப் பார்த்துவிட்டு, மறு கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாடி கெடைக்கல. ஆனா ஆளு நல்லாத்தான் இருக்கா" என்றாள். ஊர் அதையும் கேட்டுக்கொண்டது. பசிக்காவிட்டால் செலவு மிச்சம், சுடாவிட்டால் சமையல் சுலபம் என்று பேசிக்கொண்டார்கள். சாமியாடிகளுக்கு இதெல்லாம் உள்ளதுதானே என்றார்கள்.

மாசானமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. முட்கள் வண்டியிலிருந்து எடுத்துக் காட்டவில்லை, இவளிடமிருந்து எடுத்துக் காட்டுகின்றன. அவன் தங்கப்பழத்திடம் போய், "ஒரு வாரம் வண்டிய நிப்பாட்டணும், அண்ணாச்சி. பூராத்தையும் கழட்டிப் பாக்கணும். எங்கியோ எர்த்து விட்டிருக்கு, கண்டுபிடிச்சிட்டா அவ தேவப்படாது" என்றான்.

"ஓடுத வண்டியக் கழட்டுவாங்களாய்யா?" என்றார் தங்கப்பழம். "எம் மருமவளுக்கு மாசம் நெறஞ்சிருக்கு. அது ஒண்ணு முடியட்டும்."

அது முடிந்தபோது இன்னொருத்திக்கு மாசம் நிறைந்திருந்தது. ஊரென்று இருந்தால் யாராவது சாகக் கிடப்பார்கள், யாராவது பிறக்கக் காத்திருப்பார்கள், ஒரு வாரம் என்பது எந்தக் காலத்திலும் கிடைக்காது. சந்தனமாரியே, "பொறவு பாப்போம்ங்க. பாவம், அந்தப் பிள்ளைக்குப் பேறுகாலம் ஆவட்டும்" என்பாள். அவனும் பொறவு பார்க்கலாம் என்று விட்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் உச்சி போர்வையைவிட்டு எழவில்லை. "குளுருதும்மா" என்றாள். சந்தனமாரி பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தாள். சுவரில் வைத்ததுபோல இருந்தது. கழுத்தில் வைத்தாள், வயிற்றில் வைத்தாள், உதட்டை வைத்தாள். எதுவும் தெரியவில்லை. மாசானமுத்து விடியுமுன்பே பம்பு ஷெட்டுக்குப் போயிருந்தான், பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுத் தொட்டுப்பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தாள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று ஊராரிடம் போய்க் கேட்பதா என்றும் நினைத்தாள். அதற்குள் தங்கப்பழம் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது, அவருக்கு நெஞ்சடைப்பு. ஷெட்டிலிருந்து மாசானமுத்துவையும் கூட்டிவந்து நேரே வண்டிக்குள் ஏற்றிவிட்டார்கள். இன்னொரு போர்வையை உச்சியின்மேல் போட்டுவிட்டு, காப்பில் சங்கிலியை மாட்டிக்கொண்டு அவளும் போனாள். ஆஸ்பத்திரியில் தங்கப்பழத்துக்கு ஊசி போட்டார்கள், ஏப்பம் விட்டார், வாயுதானாம். திரும்பி வரும்போது மதியம் சாய்ந்திருந்தது.

உள்ளே போன மாசானமுத்து பிள்ளையைத் தொட்டுவிட்டுக் கையைச் சடாரென்று எடுத்தான். "கொதிக்கிதட்டி. நெருப்பாக் கொதிக்கி. நீ பாக்கலியா?"

"பாத்தேன்" என்றாள் சந்தனமாரி. "எனக்குத் தெரியலியேங்க."

அவன் அவளைக் காரில் ஏற்றினான். பிள்ளையை வாரி அவள் மடியில் போட்டான். ஒரு கையால் உச்சியை அணைத்து, மறு கையை டேஷ்போர்டில் வைத்து, சங்கிலி வரப்பில் இழுபட, மழைக்குள் போனார்கள். இருபுறமும் பாத்திகள் நிறைந்து தண்ணீர் வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாதி வழியில் சூட்டு முள் ஏற ஆரம்பித்தது. நடுவைத் தாண்டியது, சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே போய் நின்று நடுங்கியது.

சூட்டு முள் சிவப்புக்குப் போனால் வண்டியை நிறுத்த வேண்டும், ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது, தொட்டால் கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும். தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு எவன் வந்தாலும் எடுக்க முடியாது. வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. நடு வரப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் பிள்ளையோடு இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று மாசானமுத்து நினைத்தான். முட்களைப்பற்றி முன்பு புரிந்துகொண்டது அந்தப் பதற்றத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை. வேலை தெரிந்தவன், அதனால் நிறுத்தினான். பானெட்டைத் தூக்கிவைத்து, மழை எஞ்சின்மேல் விழட்டும் என்று ஓரமாக நின்றான். தகரத்தில் பட்ட மழை புகைபோலத் தெறித்தது, ஆவி என்று நினைத்தான்.

"தாகமா இருக்கும்மா" என்றாள் உச்சி. சந்தனமாரி அணைத்திருந்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மழையை ஏந்திக் கொடுத்தாள். பிள்ளை இரண்டு வாய் குடித்தாள். டேஷ்போர்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சூட்டு முள்ளு நல்லா முழிச்சிட்டும்மா" என்றாள். பிறகு அம்மாவின் மார்பில் முகத்தைப் புதைத்துத் தூங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது. சந்தனமாரி கண்ணாடிக்கு வெளியே பார்த்து, "எறங்குதுங்க, எறங்குது" என்று சத்தம் கொடுத்தாள். அவன் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் தொட்டான், பிறகு துணியை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தான். மழையைப்போல ஜில்லென்று இருந்தது. நல்லா ஆறிட்டு என்று ஓடிவந்து ஏறினான். தார்ரோடு வரைக்கும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே சந்தோஷமாகப் போனார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர்கள் அனுபவித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையை வாங்கிப் படுக்கவைத்து, இமையை நீக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "வர்ற வழியிலேயே போயிருச்சும்மா. மடியிலதானே வச்சிருந்தீங்க, உடம்பு சில்லிட்டது தெரியலையா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் சந்தனமாரி. மாசானமுத்து ரேடியேட்டர் மூடியைத் தொட்ட உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எஞ்சின் சூடாகவே இல்லை, அது ஒரு நிமிஷம்கூடச் சூடாகவில்லை.

ஊர் அழுதது. கூலிக்குப் போகாமல், அடுப்புப் பற்றவைக்காமல் அழுதது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சந்தனமாரிக்குக் கண்ணீர் வரவில்லை. உள்ளே எதுவோ இருக்கிறது என்று தெரிந்தது, அது என்ன என்று தெரியவில்லை. காரியம் முடியுமுன்பே வாசலில் ஆள் வந்து நின்றது, தன் பையனுக்கு வலிப்பு என்று. அவள் எழுந்து போய்ச் சங்கிலியை மாட்டிக்கொண்டாள். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. அவள் கையை வைத்ததும் மூன்று முட்கள் அதனதன் இடத்துக்குப் போயின. சூட்டு முள் மட்டும் விறுவிறுவென்று ஏறி, சிவப்புக்கு ஒரு நூல் கீழே போய் நின்றது. எஞ்சின் இன்னும் கிளப்பப்படவில்லை.

அன்றிலிருந்து அது அங்கேதான் நின்றது. ஊருக்கு அதுவும் பழகிவிட்டது. வெளியூர் ஆள் யாராவது ஏறி, என்னங்க வண்டி இவ்வளவு சூடாயிருக்கு என்று பதறினால், "அது வண்டிச் சூடில்ல. எர்த்தம்மா மகளுக்குக் காச்ச. நீங்க உக்காருங்க" என்பார்கள். கைப்பிள்ளைக்காரிகள் வந்து அந்த முள்ளின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நடை இல்லாத பகல்களிலும் சந்தனமாரி காருக்குள் போய் உட்கார்ந்திருந்தாள். கையை வைப்பாள், முள் ஏறும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெயில் சாயும்வரை கையை எடுக்க மாட்டாள்.

அந்த முள்ளை மாசானமுத்துவால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் ஊரைக் கேட்காமல், தங்கப்பழத்தைக் கேட்காமல், வண்டியை வீட்டோரத்து ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினான். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு அந்தப் பெரிய போல்ட் மிச்சமிருந்தது. ஸ்பேனரை வைத்துத் திருகி எடுத்துச் சட்டங்களைப் பிரித்தான். இரண்டு முகமும் சிவப்பாக, வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. மீட்டரின் ஒரு காலை அந்தச் சிவப்பில் வைத்தான். சத்தம் வரவில்லை. போல்ட் சரிதான், ஒயர் சரிதான். போல்ட் பிடித்திருந்த இரண்டு இரும்பும் ஒன்றையொன்று தொடவே இல்லை, நடுவில் அவன் கையால் அடித்த மூன்று கோட் இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தான். வெள்ளை இரும்பு தெரியும்வரை, விரல் தோல் உரியும்வரை தேய்த்தான். பூட்டினான். சாவியைத் திருகியதும், யார் கையும் படாமல், முட்கள் எழுந்தன. சூட்டு முள் மட்டும் கொஞ்சம் அசைந்துவிட்டு அடிக்கோட்டிலேயே படுத்தது. ஆறின எஞ்சினுக்கு அது அங்கேதான் இருக்க வேண்டும்.

அவன் சந்தனமாரியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் கையை வைத்தாள். முள் அசையவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். "இனிமே வேண்டாம்ட்டி. இனிமே நீ வேண்டாம். நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றான், சொல்லும்போதே அழுதான். அவள் அடிக்கோட்டில் கிடந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்குக் கீழே தகரம் சுட்டது. பாதத்தில் வெடிப்பு எரிந்தது. மணிக்கட்டுக்குள் ஏதோ குதித்தது. காட்டுக்கத்தலாக ஒரு சத்தம் கேட்டது, அது தன் வாயிலிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊர் ஓடி வந்து ஷெட்டு வாசலில் நின்றது.

தங்கப்பழம் வண்டியைச் சுற்றிவந்து, தானே ஒருமுறை சாவியைத் திருகிப் பார்த்துத் திருப்திப்பட்டார். "நல்லதாப் போச்சு. காப்பக் கழட்டி அம்மன் காலுக்குப் போட்டிருவோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மனசு ஒரு நெலைக்கு வந்ததும் நீ பாத்திக்கு வரலாம் தாயி. ஆளு கொறவாத்தான் கெடக்கு" என்றார். கூட்டம் கலைந்தது. போகும்போது யாரும் அவளை எர்த்தம்மா என்று கூப்பிடவில்லை.

அன்று பக்கத்து வீட்டில் மீன்குழம்பு கொதித்தது. அந்த வாசனை சுவரைத் தாண்டி வந்தபோது சந்தனமாரிக்குப் பசித்தது. வயிற்றைக் கிள்ளி, வாயில் நீர் ஊறிப் பசித்தது. பக்கத்து வீட்டு மைனி கொண்டுவந்து வைத்த தட்டை இரண்டு தடவை நிரப்பிச் சாப்பிட்டாள், விரலை வழித்துச் சாப்பிட்டாள், சாப்பிட்டு முடித்து வெறும் தட்டைப் பார்த்தாள். பிள்ளை போன பிறகு அதன் பள்ளிக்கூடச் சட்டையைக்கூட அவள் இன்னும் துவைக்கவில்லை. ருசியாக இருந்தது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மாசானமுத்து பம்பு ஷெட்டுக்குப் போன பிறகு அவள் காருக்கு அடியில் படுத்தாள். இத்தனை வருஷம் அவன் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறாள், எந்த ஸ்பேனர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போல்ட்டைக் கழற்றிச் சட்டங்களைப் பிரித்தாள். தேய்த்த இடம் வெள்ளி மாதிரி மின்னியது, ஓரத்தில் ஒரே ராத்திரியில் துருவின் பொட்டு ஒன்று விழுந்திருந்தது. அதைத் துணியால் துடைத்தாள். ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்து, குச்சியால் கலக்கி, பிரஷைத் தோய்த்து, ஒரு முகத்துக்கு அடித்தாள், மறு முகத்துக்கு அடித்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்து காயவிட்டாள், இரண்டாவது கோட் அடித்தாள், காய்ந்ததும் மூன்றாவது கோட்டும் அடித்தாள். அவசரப்படவில்லை. பூட்டி இறுக்கினாள்.

மாசானமுத்து சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் கழற்றாத காப்பில் சங்கிலியை மாட்டியிருந்தாள். டேஷ்போர்டில் இருந்த கையின் விரல் இடுக்குகளில் பெயிண்ட் சிவப்பாக ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தான், கீழே திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தான்.

"என்னட்டி செஞ்ச?" என்றான்.

"வெறும் இரும்ப அப்படியே விட்டா உப்பு தின்னுரும்ங்க" என்றாள் அவள்.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டில் இன்றைக்கும் குழம்பு கொதித்தது. அவளுக்கு அதில் வாசனை இல்லை. சூட்டு முள் விறுவிறுவென்று ஏறி, சிவப்புக்கு ஒரு நூல் கீழே போய் நின்றது. அவள் குனிந்து முள்ளின் கண்ணாடியில் உதட்டை வைத்தாள். பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் இருந்தது.